சத்தம் போடாத பால்வாடி

மேற்பார்வையாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம் முதலில் ஒன்று கேட்டுவிடுகிறேன். உங்களில் யாராவது ஒரு பால்வாடிக்குள் நுழைந்து, ‘பிள்ளைகள் சத்தமே போடவில்லையே’ என்று பயந்ததுண்டா? இருக்காது. சத்தம் போடாத பிள்ளைகளைக் கண்டால் நமக்கெல்லாம் உச்சி குளிர்ந்துவிடும். ஆய்வுக்கு வருகிற அதிகாரிக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே குளிரும். எடை போடுவது, சத்துமாவு இருப்பைச் சரிபார்ப்பது, தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்பது எல்லாம் பயிற்சியிலேயே வந்துவிடும். அதை நானும் சொல்லி உங்கள் கழுத்தை அறுக்கப் போவதில்லை. ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிற இப்போதும் அந்த நாளை நினைத்தால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடுகிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ரோலிங் மில்கள் ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தன. பொன்னேரிப் பக்கத்திலிருந்தும் ஆந்திர எல்லையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து லைன் வீடுகளில் குடியேறியிருந்தார்கள். லைன் வீடு என்றால் ஒரே நீளக் கட்டடம், ஒரே கூரை, குடும்பத்துக்கு ஓர் அறை. அறைக்கும் அறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டிலிருந்து ‘நூறு’ என்று சொல்லலாம். அப்படி ஒரு லைனின் நட்டநடு அறையில்தான் கோமளா டீச்சரின் பால்வாடி இருந்தது. நம் இலாகா கொடுக்கிற வாடகைக்கு அதற்கு மேல் இடம் கிடைக்காது என்பது உங்களுக்கும் போகப் போகத் தெரியும்.

அந்த லைனில் ஒரு வழக்கம் உண்டு. நைட் ஷிப்ட் முடித்து வந்த ஆள் உள்ளே தூங்குகிறார் என்றால் கதவின் நாதாங்கியில் ஒரு துண்டு தொங்கும். துண்டைப் பார்த்ததும் மீன்காரம்மா கூவாமல் கடந்து போவார். பால்காரர் சைக்கிள் மணியை அடிக்க மாட்டார். பகலில் அந்த லைன் முழுக்கத் துண்டுகள்தான். துண்டு தொங்கும் அறைக்குள்ளேயே, தூங்குகிற அப்பாவுக்குப் பக்கத்திலேயே, பிள்ளைகள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கப் பழகியிருந்தார்கள். “எம் புள்ள தங்கம் மேடம். கீற எடமே தெரியாது” என்று தாய்மார்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

கோமளாவின் பால்வாடியை மாதிரி மையமாகக் காட்டலாம் என்று மேலதிகாரிக்கு ஆசை வந்துவிட்டது. பெரிய இடத்திலிருந்து ஆட்கள் பார்க்க வருவார்கள், முன்கூட்டியே போய்ச் சரிபார்த்து வாருங்கள் என்று என்னை அனுப்பினார். அந்த வட்டாரம் எனக்குக் கைமாறி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஐப்பசி மழை மூட்டம். ரயிலிறங்கி ஷேர் ஆட்டோவில் போய் அந்த அறை வாசலில் நின்றபோது, இன்று விடுமுறை விட்டுவிட்டாளோ என்றுதான் நினைத்தேன். உள்ளே எட்டிப் பார்த்தால் அறை நிறையப் பிள்ளைகள்! சுவரோரம் வரிசையாக, முதுகு சுவரில் படாமல், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்து ஒரு பிள்ளைகூடத் திரும்பவில்லை. பால்வாடிக்குள் புது ஆள் நுழைந்தால் என்ன நடக்கும்? ஒன்று அழும், ஒன்று புடவையைப் பிடித்து இழுக்கும், ஒன்று ‘ஊசி போடுவீங்களா’ என்று கேட்கும். இங்கே எதுவும் நடக்கவில்லை.

“பாத்தீங்களா மேடம்?” என்று கோமளா என் காதருகே கிசுகிசுத்தாள். முகமெல்லாம் பூரிப்பு. “எப்ப வந்து பாத்தாலும் இப்டித்தான்.”

ஒரு பையனைத் தண்ணீர் குடிக்க எழுந்து போகச் சொன்னாள். அவன் போனதைப் பார்த்து எனக்கு என்னவோ செய்தது. குதிகால் தரையில் படவே இல்லை. விரல் நுனியில் நடந்து போய், டம்ளரைச் சத்தமில்லாமல் எடுத்து, சத்தமில்லாமல் வைத்துவிட்டு, அதேபோலத் திரும்பி வந்து உட்கார்ந்தான். மூன்று நான்கு வயதுப் பிள்ளை அப்படி நடக்கக் கூடாது. அது திருடப் போகிறவன் நடை.

“விளையாட்டுச் சாமான் எங்க கோமளா?” என்றேன்.

மூலையில் ஒரு பெரிய இரும்பு டிரங்குப் பெட்டி இருந்தது. முன்பு அரிசி வைத்திருந்த பெட்டி. உப்புக்காற்றில் அடிப்பக்கமெல்லாம் துரு ஏறிக் கிடந்தது. கோமளா கொண்டியைத் தூக்கி மூடியைச் சுவரில் சாய்த்தாள். உள்ளே பந்து, பொம்மை, பிளாஸ்டிக் கட்டைகள் எல்லாம் இருந்தன. இலாகா அனுப்பிய உறைகளில் பாதிக்கு மேல் பிரிக்கப்படவே இல்லை. உடைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும் என்று பூட்டி வைக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவள் சொன்ன காரணம் வேறு.

“குட்த்தா கத்துவாங்க மேடம். ரெண்டு பக்கமும் ஆளுங்க தூங்கினு கீறாங்க.”

நான் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் காது கேட்காது என்று என் வீட்டுக்காரரே சொல்வார். ஒரு சிவப்புப் பந்தை எடுத்து உருட்டி விட்டேன். அது உருண்டு போய் ஒரு பெண் குழந்தையின் காலடியில் நின்றது. அவள் பெயர் மோனிஷா என்று அப்புறம் தெரிந்தது. நான்கு வயதிருக்கும். அவள் பந்தைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள், அந்தப் பக்கம் யாரோ தூங்குகிற சுவரை. காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் மழைக்காற்று அடித்து வாசல் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. கதவோரம் உட்கார்ந்திருந்த கார்த்தி என்ற பையனின் விரல் நடுவில் மாட்டிவிட்டது. நான் பாய்ந்து போய்க் கதவைத் திறந்தேன். நகம் பிய்ந்து ரத்தம் கொட்டுகிறது. பையன் வாய் முழுசாகத் திறந்திருக்கிறது. கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். கழுத்து நரம்பெல்லாம் புடைத்து நிற்கிறது. சத்தம் மட்டும் வரவில்லை. ஒரு முனகல்கூட இல்லை. அதற்குள் மோனிஷா நகர்ந்து வந்து, தன் உள்ளங்கையை அவன் வாய்மேல் வைத்து அழுத்தினாள். வராத சத்தத்தை அடைக்கிறாள்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ பிள்ளைகளுக்கு ஊசி போடும்போது கூட இருந்திருக்கிறேன். வலித்தும் சத்தம் வராத பிள்ளையை அன்றைக்குத்தான் பார்த்தேன். உலகத்திலேயே பயங்கரமான காட்சி அதுதான் என்று அந்த நிமிடம் நினைத்தேன். இன்னும் சிறிது நேரத்தில் அதைவிடப் பெரிதாக ஒன்று காத்திருந்தது தெரியாமல்.

கார்த்தியைத் தூக்கிக்கொண்டு நானும் கோமளாவும் முனையிலிருந்த மருந்துக் கடைக்கு ஓடினோம். சமையல் ஆயா பின்பக்கம் சாதம் வடித்துக்கொண்டிருந்தார். போகிற வழியில் கோமளாவைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன்: “என்ன செஞ்சு வச்சிருக்கே இந்தப் பிள்ளைங்களை?”

அவள் அழுதுவிட்டாள். பக்கத்து அறையில் வேதகிரி என்று ஒருவர். ரோலிங் மில்லில் இடுக்கி பிடிக்கிற வேலை. சிவக்கச் சிவக்க ஓடி வருகிற கம்பியின் முனையைப் பிடித்து அடுத்த உருளைக்குள் கொடுக்க வேண்டும். கண் இமைக்கிற நேரம் தவறினால் போதும். ஒரு பகல் முழுக்கத் தூங்க முடியாமல் வேலைக்குப் போனவர், கண் செருகி நின்றபோது கம்பி தொடையைத் துளைத்துவிட்டது. அவர் தூங்காததற்குக் காரணம் பால்வாடிப் பிள்ளைகள் போட்ட கூச்சல்தான் என்று லைனே திரண்டு வந்து கோமளாவைக் கேட்டிருக்கிறது.

“அன்னைலேர்ந்து ஒரு சத்தம் வர வுடல மேடம். நான் இன்னா பண்ணட்டும்? அவங்க கால் கை போனா யார் பதில் சொல்றது?” என்றாள்.

திட்டுவதற்கு ஆளைத் தேடினால் திட்டத் தக்க ஆள் யாருமே இல்லை. இந்த வேலையில் அடிக்கடி இப்படித்தான் ஆகும், பழகிக்கொள்ளுங்கள்.

கட்டுப் போட்டுத் திரும்பினோம். டிரங்குப் பெட்டி மூடியிருந்தது. ஆயா மூடியிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் மூடிவிட்டு வந்தேன் என்று கோமளா நினைத்தாள். தட்டுகளை வைத்துச் சாப்பாடு போட்டபோது ஒரு தட்டுக்கு ஆள் இல்லை.

“மோனிஷா எங்க?”

அம்மா வந்து கூட்டிப் போயிருப்பாள் என்றார் ஆயா. அம்மா சுகுணா பேக்கிங் கம்பெனியில் வேலை செய்கிறவள், மதியத்தில் வர மாட்டாள். மூன்றாவது கதவுதான் அவர்கள் வீடு. கோமளா ஓடினாள். ஓடியவள் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டாள். நாதாங்கியில் துண்டு தொங்குகிறது. கையைத் தூக்குகிறாள், தட்டாமல் இறக்குகிறாள். பிள்ளையைக் காணோம், இவள் துண்டுக்குப் பயந்து நிற்கிறாள்! நான் போய்த் துண்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கதவை இரண்டு கையாலும் குத்தினேன்.

அப்பா முனிரத்தினம் சிவந்த கண்ணோடு வெளியே வந்தார். வேதகிரி வேலை பார்த்த அதே மில்லில்தான் இவரும் இடுக்கி பிடிக்கிறவர். பிள்ளை இங்கே இல்லை என்றதும் அவர் போட்ட சத்தத்தில் லைனின் அத்தனை கதவும் திறந்துகொண்டன. “மோனிஷா! ஏய் மோனிஷா!” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினார். ஒருவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். ஒருவர் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கினார். முனையில் ஒரு லாரி நின்றிருந்ததாகவும் அது இப்போது இல்லை என்றும் யாரோ சொன்னார்கள். “எளாவூர் செக்போஸ்ட்டாண்ட மடக்குங்கடா!” என்று நாலைந்து பைக்குகள் நெடுஞ்சாலைப் பக்கம் பறந்தன. ஆளாளுக்குப் பால்வாடிக்குள் வந்து பிள்ளைகளைப் பார்த்து, “எங்கடி போனா? யாராச்சும் பாத்தீங்களா?” என்று அதட்டினார்கள். பிள்ளைகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒண்டினார்கள்.

சுகுணாவை யாரோ சைக்கிளில் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவளைப் பிடித்து அந்த டிரங்குப் பெட்டிமேல் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். “எம் பொண்ணு எங்க டீச்சர்? எம் பொண்ணு எங்க?” என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

பெண்களே, இந்த இடத்தில் உங்களுக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். நீங்களும் ஓடுவீர்கள், நீங்களும் கத்துவீர்கள். நானும் வாசல் வரை ஓடத்தான் செய்தேன். வாசலில் முனிரத்தினம் இன்னொரு முறை கத்தியபோது, கார்த்தியின் திறந்த வாய் என் கண் முன்னால் வந்தது. இந்தப் பிள்ளை எங்கே இருந்தாலும் பதில் சொல்லாது. கூப்பிடக் கூப்பிட இன்னும் அடங்கித்தான் போகும்.

அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். “கத்தாதீங்க.”

“எம் பொண்ண நான் கூப்டக் கூடாதா?” அவர் கை ஓங்கிவிட்டது. அடித்திருந்தாலும் நான் வாங்கியிருப்பேன்.

“நீங்க இவ்வளவு சத்தமா கத்தி அவ எப்ப கேட்டிருக்கா? சொல்லுங்க.”

ஓங்கிய கை அப்படியே நின்றது. “தூக்கத்துல எய்ப்பி வுட்டா… அப்பத்தான் கத்துவேன்” என்றார்.

“கத்தினா அவ என்ன பண்ணுவா?”

அவர் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

நான் உள்ளே போய் எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். ஒருவரும் நகரவில்லை, ஆனால் சத்தம் அடங்கியது. கார்த்திக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, அவன் காதருகே போய், எவ்வளவு மெல்லப் பேச முடியுமோ அவ்வளவு மெல்லக் கேட்டேன்: “கண்ணா, மோனிஷா எங்க?”

அவன் என்னைப் பார்த்தான். வாய் திறக்கவில்லை. கட்டுப் போடாத கையைத் தூக்கி, அம்மா உட்கார்ந்திருக்கிற பெட்டியைக் காட்டினான்.

அவனுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளையும் காட்டியது. அதற்கடுத்த பிள்ளையும் காட்டியது. வரிசையாக எல்லாக் கையும் அந்தப் பெட்டியை நோக்கி நீண்டன. அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள்! பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் சாம்பார் சாதம் சாப்பிட்டிருக்கிறார்கள்.

சுகுணாவை எப்படித் தூக்கித் தள்ளினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. மூடி விழுந்த வேகத்தில் கொண்டி தானாகவே வளையத்தில் மாட்டியிருந்தது. அதைப் பிடுங்கி எடுத்தேன். மூடியைத் தூக்கினேன்.

மோனிஷா உள்ளே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தலையெல்லாம் நனைந்து வேர்வை ஒழுகுகிறது. மடியில் ஒரு பந்து. தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டிருந்தாள். பெட்டியின் மூலை துருப்பிடித்து உதிர்ந்து இரண்டு ஓட்டைகள் விழுந்திருந்தன. அதன் வழியாகத்தான் மூச்சு வந்திருக்கிறது. வெயில் நாளாக இருந்திருந்தால் இந்தக் கதையை நான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். அவள் பெயரைச் சொல்லி அப்பன் கத்தியது, தாய் தலைக்கு மேலே உட்கார்ந்து கதறியது எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. ஒரு தட்டு தட்டியிருந்தால் போதும். அவள் தட்டவில்லை.

வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கையை வாயிலிருந்து கொஞ்சமாக விலக்கி, காற்றுபோலக் கேட்டாள்.

“நைனா எய்ந்துக்கினாரா?”

அந்தப் பக்கம் அப்பாவை நைனா என்று கூப்பிடுவார்கள். நைனா அதற்குள் வாசலிலிருந்து எழுந்து வந்து, அவளுக்கு ஒரு கை தூரத்தில்தான் நின்றிருந்தார். அந்தக் கேள்வி அவர் காதிலும் விழுந்தது. இரும்பு வேலை செய்கிற மனிதர், சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கப் போவதில்லை.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் காட்டினோம். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஊர் கோமளாமேல் பாய்ந்தது. நான் நடுவில் நின்று இரண்டு மூன்று தள்ளு வாங்கினேன். அதெல்லாம் பெரிதில்லை. அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது பாருங்கள், அதுதான் எனக்கு அன்றைய நாளுக்கு இணையான அதிர்ச்சி. இனிமேல் எல்லா மையங்களிலும் விளையாட்டுச் சாமான் பெட்டிக்குப் பூட்டுப் போட வேண்டுமாம்! ஒரு குழந்தை விளையாட ஆசைப்பட்டு, அதுவும் திருட்டுத்தனமாக ஆசைப்பட்டுப் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. அத்தனை பயத்துக்கு நடுவிலும் அந்த ஆசை ஒன்றுதான் அவளுக்குள் சாகாமல் இருந்தது. இவர்கள் அதற்கும் பூட்டுக் கொடுக்கிறார்கள். நான் அதிகாரியின் மேசைமுன் நின்று என்னென்னவோ பேசினேன். மாதிரி மையம் என்ற பேச்சு அன்றோடு நின்றுபோனது. என் பதவி உயர்வும் கொஞ்ச காலம் தள்ளிப்போனது. போகட்டும்.

ஷிப்டுக்குக் கிளம்புகிற நேரமாகப் பார்த்து லைன் ஆட்களிடம் பேசப் போனேன். குழந்தை வளர்ச்சி, மூளை வளர்ச்சி என்று நம் பயிற்சிப் பாடத்தை ஒப்பிக்கவில்லை. பிள்ளைகள் விரல் நுனியில் நடப்பதையும், ஓடச் சொன்னால் நாலடியில் விழுந்துவிடுவதையும், ஐந்து வயதிலும் இரண்டு சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேசாததையும் மட்டும் சொன்னேன்.

“பேஜாரா கீது மேடம்” என்றார் ஒருவர். “புள்ளைங்க வெள்யாடணும், சரி. நாங்க தூங்கலன்னா செத்துருவோமே?”

அதற்கு நான் பதில் சொல்வதற்கு முன்னால் வேதகிரி கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்தார். “எங் கால் போச்சு, நெசந்தான். அதுக்குன்னு அதுங்க வாயும் போணுமா? எனுக்காகன்னு சொல்லிக்கினு யாரும் அதுங்கள அடக்காதீங்கப்பா” என்றார். அப்புறம் யாரும் வாதம் செய்யவில்லை. எங்கே விளையாட விடுவது என்றுதான் பேசினார்கள்.

லைனுக்கு அப்பால், லாரிகளை எடை போடுகிற மேடைக்குப் பக்கத்தில், சுற்றுச்சுவரோடு ஒரு காலி ஷெட் கிடந்தது. பகலெல்லாம் லாரிச் சத்தம். அங்கே எந்த மனிதனாலும் தூங்க முடியாது, அதனால் எவரையும் எழுப்பிவிடவும் முடியாது. சத்தம் குழந்தைகளின் கவனத்தைக் கெடுக்கும் என்று அலுவலகம் மறுத்தது. ‘கவனம் கெடத்தான் கேட்கிறேன்’ என்று நான் எழுதிக் கொடுத்தேன். இழுத்தடித்துத்தான் அனுமதி வந்தது. முனிரத்தினமும் வேதகிரியும் சேர்ந்து கேட்டுக்குத் தாழ்ப்பாள் அடித்துக் கொடுத்தார்கள்.

பொம்மைகளை எல்லாம் தரையில் கொட்டினோம். பிள்ளைகள் பழையபடி சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். விளையாடு என்று சொன்னால் விளையாட்டு வந்துவிடாது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். கடைசியில் நானும் கோமளாவும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பந்தை எறிந்து பிடித்தோம். ஓடினோம், கத்தினோம். நான் வழுக்கி விழுந்தேன், கஞ்சி போட்ட காட்டன் புடவையெல்லாம் சேறு. கார்த்தி சிரித்தான். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு. பிறகு, யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று பார்த்துவிட்டு, கையை எடுத்துவிட்டு. அந்தச் சிரிப்பு மற்ற பிள்ளைகளுக்குத் தொற்றிக்கொண்டது. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேறினார்கள். சண்டை போட்டார்கள், கடித்தார்கள், பொய் அழுகை அழுதார்கள். ஒரு தாய் வந்து, “எம் புள்ள கெட்டுப் போச்சு மேடம், எதுத்து எதுத்துப் பேசுது” என்று புகார் சொன்னாள். அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

மோனிஷா மட்டும் வரவில்லை. ஓரமாக உட்கார்ந்திருப்பாள். பேசினால் காற்றுதான் வரும். இந்தப் பிள்ளையை நாம் இழந்துவிட்டோம் என்றே எனக்குத் தோன்றத் தொடங்கியிருந்தது.

சுகுணா தன் கம்பெனியிலிருந்து காலி அட்டைப்பெட்டிகள் கொஞ்சம் கொண்டுவந்து போட்டிருந்தாள். ஒரு நாள் நான் போனபோது கோமளா வெளிறிப்போய் வாசலில் நின்றாள். “மேடம், அந்தப் பொண்ணு இன்னா பண்ணுது பாருங்க. பொட்டியெல்லாம் எட்த்து வெளிய போட்டுடட்டா?”

மோனிஷா ஒரு பெரிய அட்டைப்பெட்டிக்குள் இறங்கி, தானே மூடியை இழுத்து மூடிக்கொள்கிறாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளிருந்து தட்டுகிறாள். முதலில் மெதுவாக, அப்புறம் தடதடவென்று. கார்த்தி வந்து மூடியைத் திறக்கிறான். வெளியே எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி இறங்கி மூடிக்கொள்கிறாள். காலையிலிருந்து இதே வேலை என்றாள் கோமளா.

எனக்கும் பெட்டியைப் பிடுங்கி எறிந்துவிடத்தான் கை போனது. போன கையை இழுத்துக்கொண்டேன். அன்று அந்த இரும்புப் பெட்டிக்குள் செய்ய முடியாததை இந்தப் பிள்ளை இப்போது செய்துகொண்டிருக்கிறது. நாம் யார் நடுவில் போக? “விடு கோமளா. பக்கத்துலயே இரு, மூடியில மட்டும் கண்ணு வை. அவ ஆட்டத்தை அவ முடிக்கட்டும்” என்றேன். பல நாள் அதே ஆட்டம் நடந்தது. உங்களுக்கு முன்னால் ஒரு குழந்தை எதைத் திரும்பத் திரும்ப விளையாடுகிறதோ, அதை அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்.

ஒரு மாலை முனிரத்தினம் பிள்ளையைக் கூட்டிப் போக வந்தார். ஷிப்டுக்குப் போகிற உடுப்போடு நின்றார். வாசலில் நுழைந்ததும் பெட்டிக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. மனிதர் உறைந்துவிட்டார். கார்த்தி திறக்கப் போனான். நான் அவனைப் பிடித்து நிறுத்தி, முனிரத்தினத்தைப் பார்த்துத் தலையசைத்தேன்.

அவர் மெல்லப் போய்ப் பெட்டியருகே மண்டியிட்டார். “உள்ள யாரு?” என்றார். குரலே எழும்பவில்லை.

தட்டுவது நின்றது. நின்றேபோய்விடுமோ என்று நானும் கோமளாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. காற்று இல்லை, குரல்.

“நாந்தான் நைனா. நான் உள்ள கீறேன்.”

அவர் கை மூடியைத் திறக்கப் போய், திறக்காமல் நின்றது. இரண்டு கையையும் அட்டைமேல் வைத்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

“நைனாக்குக் கேக்கலம்மா” என்றார். “இன்னும் சத்தமா கூப்டு.”